பிள்ளையார் பெயரில் திறந்த மெனு

கடைகளில் இருக்கும் கணக்கு மென்பொருள் தகராறு செய்தால் போய்ச் சரிசெய்து கொடுப்பது என் பிழைப்பு. "நான் ஒண்ணையும் தொடல" என்று சொல்பவர்களை நான் நம்புவதே இல்லை. தொடாமல் எதுவும் மாறாது. நான் இருக்கும் பத்து பெரண்டாம் ஊரிலிருந்து ரெம்பியாவுக்கு அன்று காலை கார் ஓட்டிப் போனதும் இந்த எண்ணத்தோடுதான்.

அது எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டக்காரர்களுக்கு உரம் விற்கும் கடை. கணக்கு பார்க்கும் அக்காவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். மென்பொருள் மெனுவில் தனக்கு வேண்டாததையெல்லாம் மறைத்துவிட்டு, மிச்சத்தைத் தன் வேலை நடக்கும் வரிசையில் அடுக்கி வைத்திருந்தார். அந்த அடுக்குதான் அடிக்கடி காணாமல் போனது.

"நேத்து சேவ் பண்ணிட்டுத்தான் போனேன் தம்பி. காலைல பார்த்தா எல்லாம் பழையபடி வந்து நிக்குது. நான் ஒண்ணையும் தொடல லா."

"சேவ் பண்ண மறந்திருப்பீங்க அக்கா" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. முதலாளி கடை வாசலுக்குப் போகும்வரை காத்திருந்து, தணிந்த குரலில் பேசினார். அவருடைய அம்மா கடைசிக் காலத்தில் சாப்பிட்டுக் கை கழுவியதுமே சோறு கேட்பாராம்.

"அம்மாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சது. தீபாவளியோட வேலைலருந்து நின்னுக்கிறேன்னு சொல்லப் போறேன். எதையாவது தப்பா போட்டு மாட்டிக்கிறதுக்குள்ள போயிரணும்."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. மறுபடியும் அடுக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒழுங்காக அடுக்கினார், ஒழுங்காகச் சேமித்தார். மென்பொருளை மூடிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் நகரவில்லை. முதலாளி வாங்கித் தந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைத் திரைக்கு முன்னாலேயே பிரித்துச் சாப்பிட்டேன். அந்தப் பக்கம் ஒருவரும் வரவில்லை. அக்கா திரும்பி வந்து உள்ளே நுழைந்தபோது பழைய மெனு முழுதாக நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். உள்ளே நுழைய அவர் சற்றுமுன் தட்டியது பிள்ளையார் பெயர்.

"இது யாரோட யூசர் பேருக்கா?"

"எல்லாருக்கும் அதான். கணக்கத் திறந்தா சாமி பேருதான் மொதல்ல வரணும்னு முதலாளி வச்சது. மஸ்ஜித் தானா ஊர்ல இருக்கிற நம்ம இன்னொரு கடையிலயும் இதேதான்."

அந்தக் கிளையைப் பார்த்துக்கொள்வது முதலாளியின் மருமகள். போனில் கூப்பிட்டேன்.

"நீங்களாச்சும் பாருங்கண்ணா. எப்பப் பார்த்தாலும் பாதி மெனு காணோம். ரீசெட் பண்ணிப் பண்ணி எனக்கு அலுத்துப் போச்சு. இப்பக்கூட பண்ணேன்."

இரண்டு கடையும் இணையம் வழியாக ஒரே மென்பொருளைத்தான் திறக்கின்றன. அடுக்கி வைத்த மெனு கம்ப்யூட்டரோடு இருப்பதில்லை, நுழையும் பெயரோடு இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு ஊரில் இரண்டு பேர். இவர் மறைத்ததை அவர் வரவழைத்தார், அவர் வரவழைத்ததை இவர் மறைத்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்களே, அதுதான்.

ஆளுக்கொரு பெயர் வைக்கலாம் என்றதும் முதலாளி முகத்தைச் சுளித்தார். "சாமி பேர எடுக்கச் சொல்றியா?" எடுக்க வேண்டாம், பாஸ்வேர்டாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டு கடைக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்பது என் தொழிலில் பெரும் பாவம். அன்று வாதாட எனக்குத் தெம்பில்லை.

அக்காவின் பெயரில் புதிதாகத் திறந்து கொடுத்தேன். அவர் மறுபடி முதலிலிருந்து அடுக்கினார்.

மறுநாள் காலை, கடை திறக்கும் நேரத்துக்குப் போன் வந்தது.

"தம்பி, வச்சது வச்சபடி இருக்கு."

"இருக்கும் அக்கா."

"அப்ப, நான் மறக்கல."

"நீங்க மறக்கல."

அவர் அழுவது கேட்டது. அழுது முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.