பேனர்தான் வேண்டாம்

போன வாரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏழுமலையின் ஆட்டோவில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருக்காரர். செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டியதும் திடீரென்று ஓரங்கட்டினார்.

"சார், அங்க பாருங்க... நம்ம பாப்பா!"

பார்த்தேன். கிரிவலப் பாதை ஓரம் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். ஒரு பக்கம் தனியார் இன்ஜினீயரிங் கல்லூரித் தாளாளர், கைகூப்பியபடி. மறுபக்கம் அங்கே இரண்டாம் வருஷம் படிக்கும் ஏழுமலையின் மகள் சந்தியா. நடுவில் கொட்டை எழுத்தில் - 'ஏழை ஆட்டோ ஓட்டுநர் மகளின் கல்விக் கண் திறந்த வள்ளலே!'

கண் திறந்தாராமே... அப்படியானால் பிளஸ் டூவில் அவ்வளவு மார்க்கையும் அவள் கண்ணை மூடிக்கொண்டா எடுத்தாள்?

விஷயம் இதுதான். நல்ல மார்க் எடுத்தவர்களுக்குப் பாதி ஃபீஸ் என்று கல்லூரியே விளம்பரம் செய்திருந்தது. அதை நம்பித்தான் சேர்ந்தாள். மீதிப் பாதிக்கு ஏழுமலை ஆட்டோ ஓட்டுகிறார். அவர் மனைவி கெஸ்ட் ஹவுஸில் ரூம் பெருக்குகிறார். வள்ளல் கணக்கில் அந்த அம்மாவுக்கு இடமே இல்லை.

ஏழுமலைக்கு அன்று ஒரே பூரிப்பு. சாயங்காலம் சந்தியா என் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"சார், நாளைக்கு தாளாளரைப் பாக்கப் போறோம். அப்பா மட்டும் வந்தா தலைய ஆட்டிட்டு வந்துடுவாரு. நீங்களும் வாங்க."

பின்னாலேயே ஏழுமலை. "பெரிய எடத்துப் பொல்லாப்பு நமக்கு எதுக்கு பாப்பா? சலுகைய நிறுத்திட்டா படிப்பே நின்னுடும். ஏழைதானே நாம? போட்டா போட்டுட்டுப் போறாங்க."

"ஏழைன்னு போட்டதுக்குக் கோவம் இல்லப்பா. நான் படிச்சு வாங்குனத அவரு போட்ட பிச்சை மாதிரி போட்டிருக்காரே, அதுக்குத்தான்."

ஏழுமலையின் பயம் நியாயமானது. முழு ஃபீஸ் கட்ட அவரால் முடியாது. எனக்கும் அதே பயம்தான். ஆனாலும் போனேன்.

தாளாளர் டீயெல்லாம் கொடுத்தார். தங்கமான சிரிப்பு. "விளம்பரம் இல்லம்மா. இதப் பாத்து இன்னும் நாலு பேரு உதவி செய்வாங்க, அதான்."

"சார், உங்க பையனும் என் கிளாஸ்தான்," என்றாள் சந்தியா. "அவன் இதுவரைக்கும் ஒரு ரூபா ஃபீஸ் கட்டல. அவன் கண்ணையும் நீங்கதானே தொறந்தீங்க? அவனுக்கு ஒரு பேனர் வைங்க சார். பக்கத்துல எனக்கும் வைங்க."

சிரிப்பு நின்றது. ஏழுமலை நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"உனக்கு சலுகை வேணுமா, வேணாமா?" என்றார் தாளாளர்.

"வேணும் சார். மார்க் பாத்து குடுத்தது, அது வேணும். பேனர்தான் வேணாம்."

யோசித்துப் பாருங்கள். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அப்பா சீட்டு வாங்கித் தருவார், மாமா வேலை வாங்கித் தருவார், தாத்தா வீடே எழுதி வைப்பார். நாம் யாராவது அவனைத் தெருவில் நிறுத்திக் கும்பிடச் சொல்கிறோமா? அதற்குப் பெயர் குடும்பம். ஆட்டோக்காரர் மகளுக்கு நியாயமாகச் சேரவேண்டியது கிடைத்தால் மட்டும் உதவி! நன்றி சொல்லியே அவள் வயசு போகவேண்டும். என்ன நியாயம் ஐயா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தாளாளர் 'பாக்கலாம்' என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார். வழியில் பேனர் வந்ததும் ஏழுமலை ஆட்டோவை நிறுத்தினார். டூல்ஸ் பெட்டியிலிருந்து கத்தியை எடுத்தார். கயிற்றை அறுத்துப் பேனரைக் கீழே இறக்கினார்.

"அப்பா, பெரிய எடத்துப் பொல்லாப்பு..." என்றாள் மகள்.

"நீ சும்மா இரு பாப்பா. இன்னா பண்ணிடுவாங்க, பாத்துடலாம்!"

சலுகை தொடருமா என்று இதை எழுதும் வரை கல்லூரி வாய் திறக்கவில்லை. நேற்று சந்தியா காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "நிறுத்திட்டாங்கன்னா என்னம்மா பண்ணுவே?" என்று கேட்டேன்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "தெனம் போயி தாளாளர் ரூம்லயே உக்காந்து படிப்பேன் சார். ஏசி நல்லாருக்கு."