வெள்ளிக்கிழமை இறக்கி வைத்த சக்கரம்

பண்டாரவளையில் நிஸாமின் கராஜ் வாசலில் சமதரை என்று ஒரு சாண்கூடக் கிடையாது. ஊரே சரிவு, அவர் மட்டும் என்ன செய்வார்? அதனால் அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. ஜாக்கில் ஏற்றிய வண்டியை விட்டு நகர்வதென்றால், தேநீர் குடிக்கப் போவதென்றாலும் சரி, சக்கரத்தை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கிவிட்டுத்தான் போவார். ஜாக் சறுக்கி யாரும் நசுங்கிவிடக் கூடாதே என்ற பயம். "சோறு ஆறினாலும் வண்டிய எறக்காம வரமாட்டாரு" என்று மனைவி ஜெனீரா கேலி செய்வாள். நல்ல பழக்கம்தான். அந்த நல்ல பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது.

அந்த வெள்ளிக்கிழமை விஜேந்திரன் தன் கெப் வண்டியின் பின்னால் ஒரு மோட்டார் போட்டை டிரெயிலரோடு கட்டி இழுத்து வந்தான். அவன் பெரகலக்காரன், வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவன். யாரோ பணக்காரர் ஆசைக்கு வாங்கி அலுத்துப்போன போட் அது, வெல்லவாயப் பக்கம் ஒரு குளத்துக்குப் போகிறது. மலையேறிய போட்டைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. டிரெயிலரின் இடது சக்கரம் அரைத்துக்கொண்டிருந்தது. நிஸாம் கழற்றிப் பார்த்தார். தண்ணீர் இறங்கி கிரீஸ் பால்தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. பேரிங் சொறி பிடித்துக் கிடந்தது.

"இதோட பள்ளம் எறங்கியிருந்தா சக்கரம் ஒனக்கு முன்னால போயிருக்கும், தம்பி."

"அதான் ஒங்ககிட்ட கொண்டாந்தேன், நானா" என்று அண்ணன் முறை சொல்லிவிட்டு விஜேந்திரன் கடைத்தெருவுக்குப் போனான்.

புதுப் பேரிங்கை வைத்து, கிரீஸ் அடைத்து, நட்டைக் கையால் மாட்டியபோது ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். நட்டை அளவாக இறுக்கி, அது கழன்று ஓடாமல் குறுக்கே ஒரு கம்பிப் பின் செருகுவதுதான் பாக்கி. அவசரத்தில் செய்கிற வேலை இல்லை அது. தொழுதுவிட்டு வந்து செய்யலாம் என்று தூசு புகாமல் மூடியை அமுக்கி, வண்டியை இறக்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினார்.

திரும்பி வந்தபோது வாசல் காலி.

"வேல முடிஞ்சிட்டுன்னு நெனச்சி எடுத்திட்டுப் போயிட்டாரே" என்றார் பக்கத்துக் கடை பஸீல்.

சக்கரம் தரையில் நிற்கிறது, மூடியும் போட்டாயிற்று. முடியவில்லை என்று எவன் நினைப்பான்? நிஸாம் விஜேந்திரனைப் போனில் கூப்பிட்டார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்தார். வழியில் அப்புத்தளை முழுக்க மூடுபனி. ஒவ்வொரு வளைவிலும் முதலில் பள்ளத்தைப் பார்த்தார், பிறகுதான் பாதையைப் பார்த்தார்.

பெரகலச் சந்தியில் விஜேந்திரனின் மனைவி சுதர்ஷினி சின்னக் கடை வைத்திருந்தாள். அவனுடைய போன் அங்கே சார்ஜில் கிடந்தது.

"இப்பதாங்க சாப்பிட்டுட்டுக் கெளம்புனாரு. ஏங்க, ஏதும் பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல" என்றார். அதைச் சொல்ல நாக்குக் கூசியது.

இறக்கத்தில் கொஞ்ச தூரம் போனதும் பனி விலகி, போட்டின் வெள்ளை முதுகு தெரிந்தது. இடது சக்கரம் குடிகாரன் நடை நடந்தது. இன்னும் கழலவில்லை. அல்லாஹ் காப்பாற்றிவிட்டான் என்று நினைத்து, நிஸாம் ஹோர்னை விரல் எடுக்காமல் அழுத்தினார்.

மலைப்பாதையில் பின்னால் ஹோர்ன் கேட்டால் நல்ல டிரைவர் ஓரங்கட்டி வழி விடுவான். விஜேந்திரன் நல்ல டிரைவர். சிக்னலைப் போட்டுவிட்டு இடது விளிம்புக்கு ஒதுங்கினான். தார் முடிகிற இடத்தில் சக்கரம் இடறிக் கழன்று தேயிலைக்குள் பாய்ந்தது. போட் சரிந்தது. கெப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

விஜேந்திரனின் உயிர் தப்பியது. பதுளை ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். நட்டுக்குப் பின் செருகாத கதையை நிஸாம் எல்லோரிடமும் சொன்னார், ஹோர்ன் அடித்ததை மட்டும் சொல்லவில்லை. கேட்காமல் வண்டியை எடுத்தவன் பிழை என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. துரத்திப் போய்ப் பள்ளத்தில் இறங்கி அவனைத் தூக்கி வந்தவர் என்று நிஸாமைப் பாராட்டவும் செய்தது. பாராட்டைக் கேட்கக் கேட்க அவருக்கு உடம்பு கூசியது.

கட்டில் அருகே போய் நின்றார். சுதர்ஷினி பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கேக்காம எடுத்தது என் தப்புதாங்க, நானா" என்றான் விஜேந்திரன். "ஆனா நான் மெதுவாத்தான் போனேன். எவனோ ஒரு பைக்குக்காரன் வெறி புடிச்ச மாதிரி ஹோர்ன் அடிச்சான். அவனுக்கு வழி விடத்தான் ஒதுங்குனேன். அவன் மட்டும் அடிக்கலன்னா எனக்கு ரெண்டு காலும் இருக்கும்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நிஸாம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அது நான்தான், தம்பி."

சுதர்ஷினியின் கை அப்படியே நின்றது. விஜேந்திரன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.