சமையலறை போனும் சோபியாவின் இன்டர்வியூவும்

என் மகள் சோபியாவுக்கு வீட்டிலிருந்தே வீடியோவில் வேலை இன்டர்வியூ. தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் நிற்காது. டெலிபோன் ஒயரில் வரும் பிராட்பேண்ட்தான்.

அவள் பேசத் தொடங்கியதும் சமையலறை போன் அடித்தது. எங்கள் சபை சிஸ்டர். "பொண்ணுக்காக ஜெபம் பண்லாம் வாங்க" என்றார். ரிசீவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடினேன்.

"இன்னாம்மா, நெட் போச்சு" என்றாள் சோபியா உள்ளேயிருந்து.

ஜெபத்தைப் பாதியில் விட்டு, அதே போனில் டெலிபோன் ஆபீசுக்குப் புகார் சொன்னேன். மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். போட்டும் வரவில்லை. கால் மணி நேரம் சண்டை போட்டுவிட்டு போனை வைத்தேன். சற்று நேரத்தில் நெட் தானாக வந்தது. இன்டர்வியூ முடிந்துபோயிருந்தது.

மறுநாள் வந்த லைன்மேன், நானே ஒயர் இழுத்து மாட்டிய அந்த சமையலறை போனைப் பார்த்தார்.

"இதுக்கு ஃபில்டர் எங்கக்கா? ஒரே ஒயர்ல பேச்சு தாழ்ந்த அலையில போவுது, நெட்டு உசந்த அலையில போவுது. பிரிச்சு வுடலன்னா ஒண்ண ஒண்ணு கெடுக்கும்."

"சுரங்கத்துல ஒரே ஷாஃப்ட் குழியில ஆளு எறங்கிப் போற கேஜ் ஒரு பக்கம், கல்லு ஏறி வர்ற ஸ்கிப் தொட்டி ஒரு பக்கம். அப்டியா?"

"அதேதான்" என்று தீப்பெட்டி அளவு ஃபில்டரை மாட்டினார்.

சோபியா கெஞ்சி இன்டர்வியூவுக்கு இன்னொரு நாள் வாங்கினாள். அன்றும் சிஸ்டர் கூப்பிட்டார். ஆமென் வரை ஜெபித்தோம், நெட் அறுபடவில்லை. இப்போதெல்லாம் புகார் சொல்ல எடுக்கும் போனைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன்.