ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த கோழிக்கொண்டை

எங்கள் தொழிலுக்கு மழைதான் எமன். எழுபதுகளின் கடைசியில் பழனிசெட்டிபட்டியில் ஒரு டிரை பிளவர் யூனிட்டில் எனக்கு வேலை. பூவைக் காம்போடு நூலில் கட்டி, வெயில் படாத ரூமில் தலைகீழாகத் தொங்கவிடுவோம். பத்துப் பதினைந்து நாளில் காய்ந்ததும் கொத்தாகக் கட்டி, வீட்டு அலங்காரத்துக்கு விற்கும் மதுரைக் கடைகளுக்கு அனுப்புவோம். வெயில் பட்டால் கலர் போகும், ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். வித்தை இவ்வளவுதான்.

ஒரு ஐப்பசியில் வடுகபட்டியிலிருந்து ஒரு விவசாயி துண்டில் சுற்றி ஒரு கைப்பிடி கோழிக்கொண்டைப் பூ கொண்டு வந்தார். அவர் மனைவி மூன்று வருடமாகப் படுக்கையில். நடமாடிய காலத்தில் கொல்லையில் அவள் போட்ட விதை, வருடா வருடம் தானாக முளைத்துப் பூத்ததாம். இந்த மழையில் செடியெல்லாம் அழுகி, மிஞ்சியது இவ்வளவுதான் என்றார்.

"எந்திரிச்சு வந்து பாக்க அவளுக்கு ஏலாது. கட்டிலுக்கு நேரா செவுத்துல மாட்டணும் ஆத்தா. கெட்டுறாமப் பாத்துக்க."

சில்லறை வேலை எடுக்கக் கூடாது என்பது முதலாளியம்மா சட்டம். நான்தான் வீம்புக்கு வாங்கி வைத்தேன். மழை விடவில்லை. நான்காம் நாள் காம்பில் வெள்ளையாகப் பூஞ்சை.

என் அண்ணன் போடியில் ஏலக்காய் ஸ்டோரில், காய் உலர்த்தும் ரூமுக்கு அடுப்பில் தீ போடுகிறவர். காய் பச்சை மாறாமல் உலர, அந்த ரூமை இருட்டாக, ஒரே சூட்டில் வைத்திருப்பார்கள். காய்க்கு நிற்கிற கலர் பூவுக்கு நிற்காதா என்று, கெட்ட காம்பை நறுக்கிவிட்டு பஸ் ஏறினேன். இரண்டே நாளில் பூ மொறுமொறுவென்று காய்ந்தது. சிவப்பு அப்படியே இருந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஏலக்காய் வாசம் ஏறும் என்று மட்டும் யோசிக்கவே இல்லை.

முதலாளியம்மா மோந்து பார்த்துவிட்டு, இதைப் பாயசத்துக்குத்தான் போடலாம், அவர் வந்தால் நீயே பதில் சொல்லிக்கொள் என்றார். அந்த விவசாயி வந்ததும் மன்னிப்புக் கேட்டுத்தான் கொடுத்தேன். வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுவாரம் திரும்பவும் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"இருவது வருசம் மலையில ஏலக்கா எடுத்தவ ஆத்தா அவ. கொத்த மோந்து பாத்துட்டு, இப்பத்தான் மலையில இருந்து எறங்குனாப்புல இருக்குன்னு சிரிச்சா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஐப்பசியும், வாசம் குறைந்துபோன அதே கொத்தைக் கொண்டு வருவார். ஸ்டோரில் இரண்டு நாள் தொங்கவிட்டு, வாசம் ஏற்றிக் கொடுப்பேன். நான்காம் வருடம் வெறுங்கையோடு வந்து நின்றார். கொத்து எங்கே என்று கேட்டேன்.

"அவ கூடவே வச்சு அனுப்பிட்டேன்" என்றார்.

வாசம் இல்லாததுதான் நல்ல சரக்கு என்று முதலாளியம்மா கடைசிவரை சொன்னார். தொழில்படி அது சரிதான். ஆனாலும் யாராவது பூ கொண்டுவந்தால், இதை வீட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்காமல் நான் நூலைக் கையில் எடுத்ததில்லை.