நிழல் தோட்டத்து வெற்றிலை

சின்னம்மாவின் நிச்சயதார்த்தம் ஐப்பசியில் வந்தது. ஊரில் அது அடைமழைக் காலம், ஓக்லாந்தில் வசந்தம். மவுண்ட் ஆல்பர்ட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய மரவீட்டில் அந்த வசந்தம் முழுக்க அம்மா நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. மருந்துக்கடையில் வேலை. தன்னோடு படித்த ஒருவரை விரும்பினார். அவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள், கும்பகோணத்துப் பக்கம். மாப்பிள்ளையின் தகப்பனார் உடனே சம்மதித்துவிட்டார். தாயார் மட்டும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அவங்க வழக்கம் வேற, நம்ம வழக்கம் வேற. வந்து பாக்கலாம்" என்றாராம். அந்தப் 'பாக்கலாம்' அம்மாவுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. தட்டில் ஒரு பழம் குறைந்தாலும் அந்த அம்மா எழும்பிப் போய்விடுவார், தங்கச்சியின் வாழ்க்கை அதோடு சரி என்று அம்மா முடிவே கட்டியிருந்தார்.

எனக்கு அப்போது எட்டு வயது. எனக்கிருந்த கவலை லட்டு எப்போது வரும் என்பது மட்டும்தான்.

பக்கத்து வீட்டில் தனியாக இருந்த வெள்ளைக்கார அன்ரிக்கு ஒரு தோட்டம் இருந்தது. அம்மாவைக் கேட்டால் அது காடு. பெரிய பூரிரி மரங்கள் வானத்தை மூடிக்கொண்டு நிற்கும். மத்தியானத்திலும் உள்ளே அந்திநேர வெளிச்சம்தான். "வெயில் படாத நிலத்தில ஒரு மிளகாய்க் கண்டு வருமே?" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அம்மா அலுத்துக்கொள்வார். வெயில் நன்றாகவே பட்ட எங்கள் பக்கத்திலும் மிளகாய் வரவில்லை என்பது வேறு கதை.

சின்னம்மாவுக்கோ அந்த இருட்டுத்தான் பிடித்தது. வேலை முடிந்து ரயிலால் வந்திறங்கியதும் வேலைச் சட்டையோடேயே என்னை இழுத்துக்கொண்டு அங்கே போய்விடுவார். அன்ரி ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அந்த வசந்தத்தில் அங்கே கண்டதை நான் இன்றுவரை வேறெங்கும் காணவில்லை. மரம்போல உயர்ந்த பன்னம் என்னும் பெரணிச் செடிகளின் நடுவில் புதுத் தளிர்கள் நத்தை ஓடு மாதிரிச் சுருண்டு, பழுப்பு மயிர் போர்த்துக்கொண்டு நின்றன. அவற்றின் காலடியில் செம்மஞ்சள் பூக்கள் கொத்துக் கொத்தாக. இன்னும் கீழே, குண்டூசித் தலையளவு நீலப் பூக்கள். முதலில் எனக்கு வெறும் பச்சைதான் தெரிந்தது. "இதுகள் தானா முன்னுக்கு வந்து நிக்காது. நாங்கள்தான் குனிஞ்சு பார்க்கோணும்" என்று சின்னம்மா என் தலையைப் பிடித்துத் தாழ்த்தினார். அப்படியே பிரமித்துப் போனேன்.

நிச்சயதார்த்தத் தட்டுகளைப் பற்றிச் சின்னம்மா தீர்மானித்தது அங்கேதான். தங்கக் கடதாசி வேண்டாம், பிளாஸ்டிக் மல்லிகை வேண்டாம். ஒவ்வொரு தட்டும் அந்தத் தோட்டத்தின் ஒரு மூலை மாதிரி இருக்க வேண்டும். பழத் தட்டில் பாசி, அதன்மேல் சுருண்ட தளிர்கள். சேலைத் தட்டின் ஓரமெல்லாம் நீலப் பூ. குங்குமத்தைச் சுற்றிச் செம்மஞ்சள் கொத்து. "கலியாண வீட்டுக்குப் புல்லும் பூண்டுமே கொண்டு வாறாய்?" என்று அம்மா தலையில் கை வைத்தார். ஆனால் தட்டுகள் வரிசையாக நின்றபோது சரிந்திருந்த ஒரு தளிரை அவரே நிமிர்த்தி வைத்தார். எங்கள் இருண்ட முன்னறையே பூத்துவிட்டது போல இருந்தது.

அதற்குப் பிறகுதான் இடி விழுந்தது. சான்ட்ரிங்ஹாம் கடைத்தெரு முழுக்க அப்பா ஏறி இறங்கியும் வெற்றிலை கிடைக்கவில்லை. அந்த வாரம் வெற்றிலைப் பெட்டியே வரவில்லையாம். வெற்றிலை இல்லாமல் என்ன நிச்சயதாம்பூலம்? அம்மா சுவரில் சாய்ந்து இருந்துவிட்டார்.

விடிந்தால் நிச்சயதார்த்தம் என்ற அந்தப் பின்னேரம், வேலிக்கு அப்பாலிருந்து சின்னம்மாவின் குரல் கேட்டது. "அக்கா, ஓடி வாங்கோ! வெத்திலையக்கா, வெத்திலை!"

பூரிரி நிழலில், சின்னம்மாவின் தோள் உயரத்துக்கு ஒரு செடி. இதயம் போன்ற இலை, பச்சைப் பசேலென்று. கசக்கினால் மிளகு மணம். அம்மா சந்தேகத்தோடு பார்த்தார். "வெத்திலை கொடியெல்லே? இது செடியா நிக்குது."

"இந்தக் குளிருக்கு நாங்களே மாறிப் போனம். அது மாறாதே?"

அது வெற்றிலையே இல்லை, வெற்றிலையின் ஒன்றுவிட்ட சகோதரம், பெயர் கவகவா என்பதெல்லாம் பிற்காலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து காட்டுக்குக் கூட்டிப் போனபோதுதான் எனக்குத் தெரிய வந்தது. அன்று எங்களுக்குத் தெரிந்த ஒரே குறை, இலைக்கு இலை ஓட்டை. அன்ரி வந்து, ஓட்டை விழுந்ததையே பிடுங்குங்கள், அதுதான் நல்லது என்று ஆங்கிலத்தில் சொன்னார். "பூச்சி அரிச்சதை எங்கட தலையில கட்டுறா" என்று அம்மா தமிழில் முணுமுணுத்தார். பூச்சிக்கு நல்ல இலை எது என்று தெரியும், அதனால் மருந்துக்கும் அதைத்தான் பிடுங்குவார்கள் என்பதும் நான் பிறகு படித்ததுதான். பொறுக்கியெடுத்த முழு இலைகளை மேலே பரப்பி, ஓட்டைகளை அடியில் மறைத்துச் சின்னம்மா அடுக்கினார்.

மாப்பிள்ளையின் தாயார் பட்டுச்சேலையில் கம்பீரமாக வந்து அமர்ந்தார். அவர்களுடைய தட்டுகள் துணி மூடியபடி அவர் பக்கத்தில் இருந்தன. நான் தரையில், அவர் காலடியில். அவர் எங்கள் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு சுருண்ட தளிரை விரலால் மெல்லத் தடவினார்.

"இதெல்லாம் யாரு பண்ணது?"

"நான்தான், மாமி."

பிறகு வெற்றிலைத் தட்டுக்கு வந்தார். மேல் இலையைத் தூக்கினார். அடியிலிருந்த ஓட்டைகள் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன. அவர் இலையை முகர்ந்தார், திருப்பினார், சின்னம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அது வெற்றிலை இல்லை என்று அறியாத சின்னம்மா பெருமையோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மாவின் இடக்கை மெதுவாகத் தன் தட்டின் துணிக்குள் போனது. ஒரு கட்டு வெற்றிலை வெளியே வந்தது. எங்கிருந்தோ தேடிப் பிடித்த கை அகல இலைகள், ஒன்றிலும் ஓட்டை கிடையாது. அது அப்படியே கைப்பைக்குள் போய்விட்டது. தரையில் இருந்த எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது.

"சம்பந்தி, எங்களுக்கு இந்த வாரம் வெத்தலையே கிடைக்கல. உங்க தட்டுலேர்ந்து பாதி எடுத்து எங்க தட்டுல வெச்சுக்கட்டுமா?"

"ஓமோம், எடுங்கோ, எடுங்கோ" என்றார் அம்மா.

தட்டு மாற்றினார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா ஒரு இலையை வாயில் போட்டுவிட்டு அவசரமாகக் குசினிப் பக்கம் போனார். அந்த அம்மா மட்டும் சீவலும் சுண்ணாம்பும் வைத்து மடித்து, முகம் சுளிக்காமல் கடைசிவரை மென்றார். "கொஞ்சம் காரம். நல்லாத்தான் இருக்கு" என்று சின்னம்மாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் நான் துப்பறிந்ததைச் சொன்னேன். "அம்மா, அவவிட்ட வெத்திலை இருந்தது. பெரிய பெரிய இலை. ஹான்ட்பேக்குக்குள்ள ஒளிச்சவ."

அம்மா குழாயைப் பூட்டினார். "வடிவாப் பார்த்தனியே?"

"ஓம். எங்கட வெத்திலை திறம் எண்டு அவவுக்கு வெக்கம். அதுதான்."

அம்மா கதிரையில் அமர்ந்து, ஈரக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பயந்துபோய் அவர் மடியைப் பிடித்தேன். என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, "இனி உன்ர சின்னம்மாவைப் பற்றி எனக்கு ஒரு பயமும் இல்லை, பிள்ளை" என்றார்.

வெற்றிலையில் நாங்கள் வென்றதற்கு ஒருவர் ஏன் இப்படி அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.