கையை மட்டும் பார்ப்பவர்

ஷெட்டில் விபத்துச் சங்கு ஊதியதும் கொக்கு அண்ணன் சாப்பாட்டுத் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு மகளுக்குப் போன் போடுவார். அவள் "அப்பா" என்றதும் வைத்துவிடுவார்.

"அந்தப் புள்ளைய ஒரு வார்த்தை பேச விடக்கூடாதாண்ணே?" என்று கேட்டிருக்கிறேன்.

"குரல் கேட்டாச்சுல்ல. கதை பேசவா நேரம் இருக்கு? வண்டி கிளம்பணும்டா."

எங்கள் வண்டி டைம்டேபிளில் இருக்காது. வேறு ரயில் கவிழ்ந்தால்தான் இது நகரும். ஓர் என்ஜின், ஒரு சாமான் பெட்டி, நாங்கள் உட்காரும் பெட்டி ஒன்று, நடுவில் கிரேன். அது நிலக்கரிக் காலத்துக் கிரேன். கொதிகலனைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் வைத்தார்கள். கவிழ்ந்த பெட்டியை இன்றைக்கும் அசராமல் தூக்கும். நாங்கள் போனால் மற்ற ரயில்களெல்லாம் ஒதுங்கி வழிவிடும். அந்த மரியாதை ஒருவருக்கும் பிடிக்காது.

அண்ணன் கிரேன் ஓட்டுகிறவர். நீளக் கழுத்து. கேபினில் உட்கார்ந்தால் இமைக்கமாட்டார். அதனால்தான் கொக்கு. நான் கீழே நின்று கை காட்டுகிறவன். தூக்கு, நிறுத்து, இறக்கு, எல்லாம் என் கைதான் சொல்லும். இருபத்திரண்டு வருடமாக அவர் பார்ப்பது அதை மட்டும்தான். பெட்டிக்கு அடியில் பார்க்கவே மாட்டார்.

"கீழ பார்த்தா பாவமா இருக்கும். பாவம் பார்த்தா லீவர்ல கை நடுங்கும். உன் கையப் பார்த்தா எரிச்சல்தான் வருது. அது வேலைக்கு நல்லது" என்பார்.

அடியில் என்னென்ன கிடந்தன என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

போன மாதம் ஒருநாள் காலையில் சங்கு ஊதியது. போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போடவில்லை. போனைச் சட்டைப்பையில் வைத்துப் பித்தானை மாட்டிக்கொண்டார்.

தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது பெட்டி கவிழ்ந்து கிடந்தது. பெண்கள் பெட்டி. அண்ணன் மகள் வேலைக்குப் போகத் தினமும் ஏறுவது அதில்தான். விஷயம் தெரிந்து அதிகாரி ஓடிவந்தார்.

"நீங்க இறங்கிக்குங்க. வேற ஆள வரச் சொல்றேன்."

"அவன் வர மூணு மணி நேரம் ஆகும் சார். கீழ இருக்கறவங்க அதுவரைக்கும் தாங்குவாங்களா?"

அதிகாரி ஒதுங்கிக்கொண்டார். அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ கைய மட்டும் காட்டு. மூஞ்சியக் காட்டாத."

ஹெல்மெட்டை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

ஒரு விரல் அளவு, இன்னொரு விரல் அளவு என்று பெட்டி எழும்பியது. ஒரு முழம் இடைவெளி விட்டதும் உள்ளே முனகல் கேட்டது. குனிந்து பார்த்தேன். ஓரத்திலேயே அவள் கிடந்தாள். பேசத் தொடங்கிய நாளிலிருந்து என்னைச் சித்தப்பா என்று கூப்பிட்ட பிள்ளை. மூச்சில்லை. அவளுக்கு அந்தப் பக்கம் ஐந்தாறு பேர் உயிரோடு இருந்தார்கள். பெட்டி ஒரு சாண் இறங்கினாலும் அவர்களும் போய்விடுவார்கள்.

என் கை ஒரு கணம் அந்தரத்தில் தடுமாறியது. கிரேனும் அந்த ஒரு கணம் நின்றது.

தூக்கு என்றேன். தூக்கினார். நிறுத்து என்றேன். நாற்பது நிமிடம் பெட்டி நூலிழைகூட அசையாமல் தொங்கியது. ஆறு பேரை உயிரோடு இழுத்தெடுத்தோம். அவளையும் எடுத்து மேட்டில் கிடத்தினோம். பிறகுதான் இறக்கு என்றேன்.

அண்ணன் கேபினிலிருந்து இறங்கி வந்தார். மேட்டுப் பக்கம் திரும்பவில்லை. சீட்டில் போட்டு உட்காரும் போர்வையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். தூசி போக அதை இரண்டு தடவை உதறினார். நான்காக மடித்து என்னிடம் நீட்டினார்.