சாமி முகத்தில் ரயில் டிக்கெட்

திருத்தணி தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஹேமநாதன் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் சண்டை வந்தால், அது கம்ப்யூட்டர் திரையைப் பற்றித்தான் இருக்கும். ஒரு பக்கம் கடை முதலாளி ஹேமநாதன். இன்னொரு பக்கம் அவர் மனைவி தேவயானியின் தங்கை அனுசுயா. நடுவில் முருகன்.

அனுசுயா நெசவுக்காரர் வீட்டுப் பெண். பவர்லூம் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே வளர்ந்தவள் என்பதால், சாதாரணமாகப் பேசினாலும் சண்டைக்கு வருவது போலத்தான் இருக்கும். கணவன் ராஜீவ் திருப்பதிப் பக்கம் வேலைக்குப் போனவன், அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான். சேதி வந்த அன்று வீட்டில் எல்லோரும் அழுதார்கள், இவளைத் தவிர. அவன் விட்டுப்போன சட்டைகளைக் கத்தரித்து மானிட்டர் துடைக்கும் துணியாக்கினாள். "நல்ல காட்டன், தூசு சூப்பரா எடுக்குது" என்று துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னாள்.

அக்கா வீட்டில் சாப்பாடு, பாவா என்று அவள் கூப்பிடும் அக்கா கணவரின் கடையில் வேலை. சம்பளம் என்று எதுவும் கிடையாது. குடும்பத்துக்குள் என்ன சம்பளம் என்பது பாவாவின் கொள்கை. நல்ல கொள்கைதான், அவருக்கு.

கடைக்கு வருகிறவர்களுக்கு ஆயிரம் தேவை. பட்டா, வில்லங்கம், சாதிச் சான்றிதழ், ரயில் டிக்கெட், திருமலை தரிசனம். வேலைக்கு வந்த புதிதில் அனுசுயா எல்லாவற்றையும் பெயர் தட்டித் தேடித்தான் திறப்பாள். அப்படி ஒரு நாள் முதலில் வந்த பக்கத்தை நம்பி, தேசப்பன் என்ற விவசாயியின் விவரங்களை எல்லாம் ஒரு போலிப் பக்கத்தில் கொட்டிவிட்டாள். அச்சு அசல் அரசாங்கப் பக்கம் போலவே இருந்தது. பாவம், அந்த மனுஷனுக்கு மாசக்கணக்கில் கண்டவனெல்லாம் போன் பண்ணி உயிரை வாங்கினான்.

அதோடு அனுசுயா தேடுவதை விட்டாள். சரியான பக்கத்தை ஒரே ஒரு முறை பார்த்துப் பார்த்துத் திறந்து, அதற்கு டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் வைத்தாள். 'பட்டா', 'ரயில்', 'திருமலை' என்று எல்லோருக்கும் புரிகிற பெயர். ரெண்டு தட்டு தட்டினால் நேராக அங்கேதான் போய் நிற்கும். வேலை மளமளவென்று நடந்தது, கூட்டமும் கூடியது.

வம்பு வந்தது அந்தக் கூட்டத்தால் அல்ல. டெஸ்க்டாப் படமாக ஹேமநாதன் வைத்திருந்தது தணிகை முருகன். திரை முழுக்க சாமி. ஷார்ட்கட்டுகள் இடது ஓரத்தில் தொடங்கி வரிசை வரிசையாகப் பெருகி, ஒரு நாள் சாமியின் கன்னத்துக்கு வந்துவிட்டன.

"சாமி மூஞ்சில ரயில் டிக்கெட்டா? கண்ணு தெரியல உனக்கு?" என்று குதித்தார் ஹேமநாதன்.

அனுசுயா அதைக் கீழே இறக்கினாள். "பாதத்துலயா?" என்றார். ஓரமாகத் தள்ளினாள். அங்கே மயில் இருந்தது. மறுபக்கம் தள்ளினாள். அங்கே வேல். சாமி இல்லாத இடமே அந்தத் திரையில் இல்லை.

"அப்போ வேற படம் வச்சிடலாமா பாவா?"

"சாமியையே தூக்கறேன்ற! ஏன் சொல்ல மாட்ட?"

அன்றிலிருந்து கடையைப் பூட்டுமுன் அவர் ஷார்ட்கட்டுகளை அழிப்பார். காலையில் வந்து அவள் கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியைத் திறந்து அத்தனையையும் மீட்டு வைப்பாள். ஷார்ட்கட்டை அழித்தால் அந்த வெப்சைட்டே ஒழிந்துவிடும் என்பது ஹேமநாதனின் நம்பிக்கை. ஒருமுறை வாடிக்கையாளரிடம், "ரயில்வேவ எடுத்தாச்சு சார், இனிமே இங்க வராது" என்று பெருமையாகச் சொன்னார். அனுசுயா திருத்தவில்லை. சிரிப்பை அடக்குவதற்கே சரியாக இருந்தது.

அரசாங்க எழுத்தர் தேர்வுக்கு அறிவிப்பு வந்ததும் விளையாட்டு வினையானது. அனுசுயாவுக்கு வயது வரம்பு முடிகிற வருஷம் இது. இதை விட்டால் வாழ்நாள் முழுக்கப் பாவா கடைதான், அக்கா சோறுதான். ஊருக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவளுக்குத் தன்னுடையதைப் போட முடியவில்லை. விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டிய, கணவன் கைவிட்டதற்கான சான்றிதழ் வராமல் இழுத்துக்கொண்டே போனது. வந்து சேர்ந்தபோது மறுநாளே கடைசி நாள். அந்த மறுநாள் ஆடிக் கிருத்திகை.

கிருத்திகை அன்று திருத்தணியில் கால் வைக்க இடம் இருக்காது. தெருவெல்லாம் மஞ்சள் துணி, புஷ்பக் காவடி, அரோகரா. ஹேமநாதன் வேண்டுதல் காவடி எடுக்கிறார், குடும்பமே கூட நடக்க வேண்டும். ஆனால் அனுசுயா விடியற்காலையிலேயே கடையைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய செல்போனில் அந்தப் பக்கம் திறக்கவே இல்லை, ஊரில் மற்ற ஜெராக்ஸ் கடைகளும் மூடிக் கிடந்தன. அவள் போட்டோவை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஹேமநாதன் காவடியோடு வந்து நின்றார். பின்னால் பால்குடத்தோடு தேவயானி.

"மலைக்கு வராம இங்க இன்னா பண்ற?"

"அப்ளிகேஷன் போட்டுகினு இருக்கேன் பாவா. இன்னிக்கு சாயந்திரத்தோட முடியுது. முடிச்சிட்டு ஓடி வந்துடறேன்."

அவர் காவடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். விரதத்தில் கோபப்படக் கூடாது என்பதெல்லாம் மறந்துபோய்விட்டது. அவள் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கி, திறந்திருந்த பக்கத்தை மூடினார். அந்தப் பக்கத்துக்காக அவள் சாமியின் நெற்றி ஓரமாக வைத்திருந்த 'வேலை' என்ற ஷார்ட்கட்டை அழித்தார். எங்கே கற்றுக்கொண்டாரோ, குப்பைத் தொட்டியையும் காலி செய்தார்.

"ஒழிஞ்சிச்சு. வேலையும் இல்ல, அப்ளிகேஷனும் இல்ல. எழுந்திரு, கெளம்பு."

"அனுசு, இன்னிக்கு ஒரு நாளு விட்டுடுடீ" என்றாள் தேவயானி மெல்ல.

அனுசுயாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பொறுத்ததெல்லாம் போதும் என்று தோன்றியது. மவுஸை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"வாசல்ல மாட்டின பேர்ப் பலகைய கழட்டினா வூடு போய்டுமா பாவா? நல்லா பாத்துக்கோங்க."

வலது க்ளிக். நியூ. ஷார்ட்கட். எத்தனையோ பேருக்கு அடித்துக் கொடுத்த முகவரி, விரல்கள் தாமாகவே அடித்தன. பெயர் கேட்டது. இந்த முறை 'வேலை' என்று வைக்கவில்லை. 'அனுசுயா' என்று வைத்தாள். அதைப் பிடித்து இழுத்துப்போய் முருகனின் இரண்டு புருவத்துக்கும் நடுவில் விட்டாள்.

"இங்கியே இருக்கட்டும். யாரு அழிக்கறாங்கன்னு அவரே பாக்கட்டும்."

ரெண்டு தட்டு. பக்கம் திறந்தது. மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் நிரப்பினாள். ஹேமநாதன் நின்ற இடத்திலேயே நின்றார். வெப்சைட் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை அவரால் நம்ப முடியவில்லை. தெருவில் மேளக்காரர்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். சமர்ப்பி என்ற பொத்தானை அவள் அழுத்தினாள். திரை சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு விண்ணப்ப எண் வந்தது. பிரிண்டர் காகிதத்தைத் தள்ளியது.

அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க, மலைக்குப் போலாம்."

ஹேமநாதன் அசையவில்லை. குரல் இறங்கியிருந்தது.

"நீ வேலைக்குப் போய்ட்டா, இந்தக் கடைய யாருமா பாத்துப்பா?"

அனுசுயா அவரையே பார்த்தாள். இத்தனை மாதங்களில் அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை இதுதான். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரியதாக இருந்தது.

"இத மொதல்லியே கேட்டிருக்கலாம் இல்ல பாவா? உக்காந்து பேசியிருப்போம். இத்தினி நாளா என்னாத்துக்கு சாமி பேர சொல்லிகினு இருந்தீங்க?"

அவர் காவடியை எடுக்கத் திரும்பினார். வாசலை அடைத்துக்கொண்டு, பால்குடத்தை இடுப்பில் இறுக்கிப் பிடித்தபடி தேவயானி நின்றிருந்தாள்.

"கேக்குறா இல்ல?" என்றாள். "பதில் சொல்லிட்டு காவடிய தூக்குங்க."